ரயிலில் போட்ட ஏழு டிக்

முதுகில் பலமாக அடிபட்டவரைக் கையை ஒருவர், காலை ஒருவர் என்று பிடித்துத் தூக்கக் கூடாது. உடம்பு எங்கும் வளையாமல், கட்டையை உருட்டுவதுபோல நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் உருட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும். தலையைப் பிடித்திருப்பவர் மட்டும்தான் ஒன்று, இரண்டு, மூன்று சொல்ல வேண்டும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அப்புறம் எழுதலாம் என்று வைத்தால் அண்ணனைப் பற்றி எழுத ஆரம்பித்துவிடுவேன், இது விட்டுப்போகும். அன்றைக்கு நான் சரியாகச் செய்தது இது ஒன்றுதான்.

என் அண்ணன் தனபாலுக்கு முப்பத்திரண்டு வயது. மாலூர்ப் பக்கம் ஒரு பெரிய கிடங்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே உயரத்தில் நின்று இரும்பு பீம்களுக்கு போல்ட் முடுக்குகிற ஏழு பேரில் அவன் ஒருவன். ஏழு பேருமே கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயல் ஆட்கள், தினமும் மாரிக்குப்பம் ரயிலில் போய் வருகிறவர்கள். அதே சைட்டில் நான் சேஃப்டி ஸ்டீவர்டு. டிப்ளமோ முடித்து, அதற்கு மேல் ஒரு வருடம் பாதுகாப்புப் படிப்பும் படித்தவள். படிக்க வைத்தது அண்ணன்தான். சான்றிதழ் வந்த அன்று சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைன் வீட்டு வரிசை முழுக்க அதை ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினான். எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

பீம் ஆங்கர் என்றால் என்ன என்று வார்டில் என்னைக் கேட்காதவர்கள் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு டம்ளரையும் ஸ்பூனையும் வைத்து விளக்கியிருக்கிறேன். முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புத் தண்டு. அதில் இரண்டு தாடைகள். ஒன்று அசையாது, இன்னொன்று நகரும். பீமின் விளிம்பை இரண்டு பக்கமும் கவ்வும்படி நகரும் தாடையைத் தள்ளினால், ஸ்பிரிங் வைத்த சின்ன ஆணி ஒன்று, பின் என்பார்கள், தண்டில் உள்ள துளையில் விழுந்து பூட்டிக்கொள்ளும். அதில் ஒரு வளையம் தொங்கும். நாம் உடம்பில் கட்டியிருக்கும் பெல்ட்டின் கயிற்றுக் கொக்கியை அந்த வளையத்தில் மாட்ட வேண்டும். கால் தவறினால் ஆள் தரைக்குப் போகமாட்டான், அதில் தொங்குவான். தலைக்கு மேலே இருக்கிற பீமில்தான் மாட்ட வேண்டும். காலடியில் மாட்டினால் விழுகிற தூரம் கூடிவிடும். ஓர் ஆளுக்கு ஓர் ஆங்கர், இரண்டு பேர் பங்கு போடக் கூடாது. பீம் முடிகிற திறந்த முனைக்கு அருகே கூடாது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: தினமும் காலையில் ஒவ்வோர் ஆங்கரையும் கையில் எடுத்து, பின்னை இழுத்து விட்டுப் பார்க்க வேண்டும். அது தானாகத் திரும்பி, அடிவரை போய் உட்கார வேண்டும். பின் பாதிதான் உட்கார்ந்திருந்தாலும் பூட்டியதுபோலவே இருக்கும். பூட்டியிருக்காது.

இதையெல்லாம் வகுப்பெடுத்தவள் நான்தான். வகுப்பு என்றால் டீக்குடிக்கிற நேரத்தில், இரும்புக் குவியல் மேல் உட்கார்ந்துகொண்டு. அண்ணனின் கூட்டாளி பாபுவுக்கு நான் பேசினாலே சிரிப்பு வரும்.

"மேடம், இந்த நாய்ச் சங்கிலிய கட்டிக்குனு நாங்க எங்க ஓடிப்பூட போறோம்?"

"நீ ஓட மாட்ட பாபுண்ணா. கீழ வருவ. ஒரே ஒரு தடவ."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எவ்வளவு உயரத்தில் நின்றாலும் இடது கையால் ஏதாவது ஒரு பீமைப் பிடித்துக்கொண்டேதான் வலது கையால் வேலை செய்வான். வேலை மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் பத்து வருடத்தில் ஒருமுறைகூட விழுந்ததில்லை. நான் அந்தப் பழக்கத்தை உடைத்தேன்.

"அண்ணா, ஆங்கர் இருக்க சொல்ல இன்னாத்துக்கு கையில புடிச்சிக்குனு நிக்கற? ரெண்டு கையும் வேலைக்கு வரட்டும். சாஞ்சி நில்லு. அது தாங்கும்."

"தாங்குமா?"

"ரெண்டு ஆள் எடைக்கு மேலயே தாங்கும். நம்பு."

இரண்டு வாரம் ஆனது. அப்புறம் நம்பினான். கயிறு இறுகும்படி பின்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டு, கீழே நிற்கும் என்னைப் பார்த்துச் சிரித்தான். அதைப் போனில் படம்கூட எடுத்து வைத்திருந்தேன். இப்போது இல்லை.

இனி ரயிலைப் பற்றி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரயில்தான் இரண்டாவது வீடு. பூக்கட்டுகிறவர்கள் கட்டுவார்கள், டீச்சர்கள் நோட்டுத் திருத்துவார்கள், நாஷ்டாவும் அங்கேதான். போகிற நேரத்தில் பாதி வேலையை முடித்துவிடுவது எங்களுக்குச் சாமர்த்தியம். நானும் சாமர்த்தியசாலி. ஒவ்வொரு நாளும் ஆங்கர் சரிபார்ப்புத் தாள் ஒன்று நிரப்ப வேண்டும். தண்டில் விரிசல் உண்டா, தாடை தேய்ந்திருக்கிறதா, பின் தானாகத் திரும்புகிறதா என்று ஏழு ஆங்கருக்கும் டிக் போட வேண்டும். சைட்டுக்குப் போனால் நேரம் இருக்காது. அதனால் ஊர்காம் ஸ்டேஷன் தாண்டியதும் கிளிப்போர்டை எடுப்பேன். கோரமண்டல் வருவதற்குள் தேதியும் பெயர்களும் முடிந்துவிடும். பங்காருப்பேட்டை வருவதற்குள் ஏழு டிக்கும் போட்டிருப்பேன். ஆங்கர்கள் அப்போது மாலூரில், பீம்கள் மேல் இருக்கும். சாயந்திர ரயிலைப் பிடிக்க ஓட வேண்டும் என்பதால் அவற்றை யாரும் கழற்றி இறக்குவதில்லை. அப்படியே விட்டுவிட்டு வருவோம். அதற்கும் சரி என்று சொன்னவள் நான்தான்.

முதல் சில வாரம், சைட்டுக்குப் போனதும் மேலே ஏறி, போட்ட டிக்கை உண்மையாக்கினேன். அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள். அப்புறம் விட்டுவிட்டேன்.

அவன் விழுந்த அன்று எனக்கு நினைவில் இருப்பது சத்தம் மட்டும்தான். கத்தவில்லை. ஸ்பேனர் முதலில் கீழே விழுந்த சத்தம், அப்புறம் தகரம் அதிர்ந்த சத்தம். பதினைந்து அடி கீழே பரப்பியிருந்த தகரத் தளத்தில் மல்லாக்கக் கிடந்தான். பெல்ட் இருந்தது, கயிறு இருந்தது, கொக்கி இருந்தது. கொக்கியின் நுனியில் ஆங்கரும் இருந்தது. பீமைவிட்டுக் கழன்று அவனோடேயே வந்திருந்தது.

"நிம்மி, கால காணோம்," என்றான்.

"இருக்குதுண்ணா. ரெண்டும் இருக்குது."

"இல்லடி. பாரு."

பாபுவும் மற்றவர்களும் அவனைத் தூக்கப் பாய்ந்தார்கள். நான் கத்தினேன். தலையைப் பிடித்தேன். மூன்று வரை எண்ணினேன்.

மாலூர் நர்ஸிங் ஹோமில் எக்ஸ்ரே எடுத்ததும் பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரி. வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை, உள்ளே ஸ்ட்ரெச்சர் வரிசை. எம்ஆர்ஐ அறைக்கு வெளியே நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அண்ணி கலா சாம்பியனிலிருந்து வந்து சேர்ந்தாள். செருப்பு இரண்டும் வெவ்வேறு ஜோடி. அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீ சாப்ட்டியா?"

டாக்டரம்மா படத்தை விளக்கில் மாட்டி, பேனாவால் தொட்டுக் காட்டினார். விலா எலும்புகள் முடிகிற இடத்துக்குக் கீழே, இடுப்பின் முதல் முள்ளெலும்பு. எல்-ஒன் என்பார்கள். உயரத்திலிருந்து விழும்போது உடம்பின் எடையெல்லாம் அதில் இறங்கி, அது பிஸ்கட்டைப்போல் நொறுங்கியிருக்கிறது. இதற்கு பர்ஸ்ட் ஃப்ராக்சர் என்று பெயர். நொறுங்கிய துண்டு ஒன்று பின்பக்கம் போய், காலுக்குப் போகிற நரம்புக் கற்றையை நசுக்கியிருக்கிறது. மேலும் கீழும் திருகு ஆணி அடித்து, கம்பி வைத்து நிமிர்த்துவார்களாம். "அது எலும்புக்கு. நரம்புக்கு நாங்க செய்யறதுக்கு ரொம்ப இல்ல," என்றார்.

"நடப்பாரா?" என்றாள் அண்ணி.

"இப்ப சொல்ல முடியாது மா. நரம்புக்கு ஷாக். அடி பட்டதும் எல்லாம் ஆஃப் ஆயிடும். சில நாள், சில வாரம் கழிச்சுதான் எது திரும்பி வருது, எது வராதுன்னு தெரியும். காத்திருக்கணும்."

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. ரயில் சிக்னலில் நின்றாலே இறங்கி நடந்துவிடலாமா என்று யோசிக்கிறவள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த நாட்களில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனை இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று திருப்ப வேண்டும். உணர்ச்சியில்லாத தோல் ஒரே இடத்தில் அழுந்தியிருந்தால் புண்ணாகிவிடும், புண்ணானது அவனுக்கே தெரியாது. குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைக்க வேண்டும். குழாயில் மாட்டிய சிறுநீர்ப் பையை இடுப்புக்கு மேலே தூக்கக் கூடாது. யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

அண்ணி அவனுக்குத் தலை வாரிவிடுவாள். படுத்தே கிடக்கிறவனுக்கு எதற்கு என்று சிஸ்டர் ஒருநாள் கேட்டார். "வூட்ல இருந்தா வாரிக்குனு தான போவாரு," என்றாள். பாபுவும் மற்ற ஐந்து பேரும் முறைபோட்டு வந்தார்கள். வேலை முடிந்து ஊருக்குப் போகிற ரயிலை விட்டுவிட்டு, எதிர்த்திசையில் பெங்களூர் ரயிலேறி வந்து, அண்ணன் கால்மாட்டில் நின்று, ஷிப்ட் முடிந்து சுரங்கத்துக் கேஜில் ஏறுகிறவர்களைப்போல் ஒருவர் பின் ஒருவராக ஒன்றும் பேசாமல் போவார்கள். பாபு மட்டும் எதையாவது சொல்வான்.

"மச்சான், நீ இல்லாம மூணாவது லெவல்ல போல்ட்டுங்க அழுவுது."

"நல்லா முடுக்குடா. அழுவாது."

ஐந்தாம் நாள் நான் கீழே மருந்து வாங்கப் போயிருந்தபோது சைட் மேனேஜர் வந்து போயிருக்கிறார். திரும்பி வந்தால் அண்ணன் கையில் ஸ்டாம்ப் பேட் மை. படுத்தபடி கையெழுத்துச் சரியாக வரவில்லை என்று கைநாட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

"இன்னாத்துல வெச்ச?"

"ஆங்கர நான்தான் சரியா மாட்டலன்னு. பின் உக்காந்துச்சான்னு நான் பாக்கலன்னு."

"ஏன்ண்ணா?"

"பாக்கல தான?"

அவன் சொல்வதுதான் நடந்திருக்கும் என்றுகூட ஒரு மனம் சொன்னது. அந்த மனத்துக்கு அது வசதியாக இருந்தது.

ஏழாம் நாள், அவனைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டுக் கட்டிலின் பக்கக் கம்பியைத் தூக்கி விட்டேன். நின்றது. சிஸ்டர் வந்து ஒரு விரலால் தொட்டார். கம்பி படாரென்று சரிந்தது.

"கிளிக் ஆகலில்லம்மா. இன்னொந்து சல தள்ளு," என்றார் கன்னடம் கலந்து. பூட்டவில்லை, மறுபடி தள்ளு என்று. குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கு யாரோ அண்மையில் வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பின் போய் உட்காரும் துளையில் பெயின்ட் உறைந்து கிடந்தது. பின் பாதிதான் போகிறது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் விழுவதற்கு முந்தின வாரம் பெயின்டர்கள் அந்தப் பக்கத்து பீம்களுக்கெல்லாம் ஸ்ப்ரே அடித்தார்கள். சாயந்திரம். நாங்கள் ரயிலுக்கு ஓடிய பிறகு. ஏழு ஆங்கரும் பீமிலேயே இருந்தன. மறுநாள் காலை அவை சாம்பல் நிறமாக இருந்ததை நான் கீழேயிருந்து பார்த்தேன். அழகாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். அதற்கு அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும், 'பின் தானாகத் திரும்புகிறது' என்ற கட்டத்தில் ரயிலில் உட்கார்ந்து டிக் போட்டேன்.

அந்தத் தாள்தான் இப்போது மேனேஜர் கையில் இருக்கிறது. ஆங்கர் நல்லதாக இருந்தது, சேஃப்டி ஸ்டீவர்டே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஆகவே தப்பு மாட்டியவனுடையது. அண்ணன் கைநாட்டும் அதோடு சேர்ந்துவிட்டது. மிச்சம் ஆறு ஆங்கரும் தாளின்படி நல்லவை. அவற்றில் ஆறு பேர் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்பதாம் நாள் டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினார், பாதத்தைக் கீறினார். உணர்ச்சி திரும்புகிறதா என்று பார்க்க ஆசனவாயைச் சுற்றியும் தொட்டுப் பார்ப்பார்கள். அங்கே கொஞ்சமாவது தெரிந்தால் நரம்பில் வழி மிச்சமிருக்கிறது என்று அர்த்தமாம். கூச்சப்படாமல் சொல்கிறேன், எங்கள் குடும்பமே அந்த ஒரு இடத்து உணர்ச்சிக்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தது. அண்ணனைக் கண்ணை மூடச் சொல்லி, மழுங்கிய ஊசியால் தொடையிலிருந்து கீழே தொட்டுக்கொண்டே போனார்.

"இப்ப?"

"ஆமா மேடம். தெரியுது."

டாக்டரம்மா கை அப்போது காற்றில் இருந்தது. தொடவே இல்லை.

"இப்ப?"

"தெரியுது. லேசா."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். டாக்டரம்மா இன்னும் நான்கைந்து இடம் பார்த்தார். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, அவன் தோளில், உணர்ச்சியுள்ள இடத்தில், கையை வைத்தார். "தனபால், நிஜம் சொல்லுங்க. அதுல வெட்கம் இல்ல," என்றார். அவன் கண்ணைத் திறக்கவில்லை.

ஷாக் விலக இன்னும் நாள் ஆகலாம், மறுபடி பார்ப்போம், ஆனால் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள் என்று டாக்டரம்மா வெளியே நடையில் என்னிடம் சொன்னார்.

அன்றே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அண்ணி துணி துவைக்கப் போயிருந்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணா, அந்தத் தாளு. நான் பாக்காமயே டிக் போட்டது. ரயில்லயே போட்டுட்டேன். பின்ல பெயின்ட் அடைச்சிக்குனு இருந்திருக்கு. அன்னிக்கு வேற பீமுக்கு மாத்தி மாட்டச்சொல்ல நீ தள்ளியிருப்ப, பாதியில நின்னிருக்கும். உன் தப்பு இல்ல."

அவன் மேலே விசிறியைப் பார்த்தபடி இருந்தான்.

"எனக்குத் தெரியாதா? நீ போடச்சொல்ல எதிர்ல யாரு குந்திக்குனு இருந்தது? கிளிப்போர்டு ஆடாம புடிச்சதே நான்தான்."

"தெரிஞ்சும் ஏன் கைநாட்டு வெச்ச?"

"இங்க பாரு நிம்மி. என் கத முடிஞ்சிச்சி. இனிமே மாசா மாசம் வூட்டுக்கு வரப்போறது உன் சம்பளம் மட்டும்தான். நீ வாயத் தொறந்த, வேலையும் போயிடும், அந்த சர்ட்டிபிகேட்டும் போயிடும். வுட்டுடு."

"அந்த ஆறு ஆங்கர்லயும் பெயின்ட் பட்டிருக்கு."

"பாபுகிட்ட சொல்லு. பாத்து மாட்ட சொல்லு."

"சொன்னேன். பெயின்ட சுரண்டிப் பாத்துட்டானாம், எல்லாம் நல்லா கீதாம். கம்பெனி தாள்லயே நல்லா கீதுன்னு இருக்குதே, நீ இன்னாத்துக்கு பயப்படறங்கறான். அது என் தாளுண்ணா. அந்தத் தாள் பொய்யின்னு நான் சொல்ற வரைக்கும் யாரும் கழட்ட மாட்டாங்க."

"வுட்டுடுன்னு சொன்னேன்," என்றான். என்னைத் திட்டுகிற குரல் இல்லை அது. கெஞ்சுகிற குரல்.

பன்னிரண்டாம் நாள் அரசாங்கத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, பழைய தோல் பை, காதில் சின்னக் கம்மல். முதலில் அண்ணனிடம் கேட்டார். அவன் கைநாட்டு வைத்ததையே திருப்பிச் சொன்னான், வார்த்தை மாறாமல். அவர் எழுதிக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் ஸ்டீவர்டா? ஆங்கரைப் பார்த்தீங்களா அன்னிக்கு?"

அண்ணன் கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தான். ஒரே ஒரு முறை தலையை அசைத்தான், பார்த்தேன் என்று சொல் என்பதுபோல.

"இல்லைங்க," என்றேன். "பார்க்கலை."

ரயில், பெயின்ட், சாயந்திரம் கழற்றாமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் வாய் வழக்கம்போல வேகமாக ஓடியது; அவர் மூன்று முறை நிறுத்தச் சொன்னார். எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். போகும்போது, "இது உங்களுக்கு நல்லதா முடியாது, தெரியுமில்ல?" என்று கேட்டார். தெரியும் என்றேன்.

அதிலிருந்து மூன்றாம் நாள் வேலை போனது. அதைவிடப் பெரிய தண்டனையை அண்ணன் கொடுத்தான். அன்று அதிகாரி வாசலைத் தாண்டியதும், "உன்ன படிக்க வெச்சதே நம்ம வூட்ல ஒருத்தராச்சும் தரையில நின்னு சம்பாதிக்கட்டும்னுதான். அதையும் ஒடச்சிட்ட," என்றான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அண்ணியைக் கேட்பான். அண்ணி இல்லாவிட்டால் வேண்டாமென்று இருப்பான். நான் திருப்பிப் படுக்க வைக்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொள்வான்.

டாக்டரம்மா இன்னும் இருமுறை சோதித்தார். அவன் இப்போது பொய் சொல்லவில்லை. "இல்ல. இல்ல. இல்ல." தாளில் 'முழுமையானது' என்று எழுதினார்கள். காயம் முழுமையானதாம். கால் இனி வராது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கிற சொல் அது.

சக்கர நாற்காலிப் பழக்கம் தொடங்கியது. கையால் ஊன்றிக் கட்டிலிலிருந்து பலகை வழியாக நாற்காலிக்கு நகர வேண்டும். பத்து வருடம் பீமைப் பிடித்த கை, அதனால் சீக்கிரம் கற்றுக்கொண்டான். எங்கள் லைன் வீட்டு வாசல் நாற்காலியைவிடக் குறுகல் என்று ஊரில் இருக்கிற அம்மா நூலால் அளந்து சொல்லியனுப்பியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாபு வந்தான். வழக்கமான கிண்டல் இல்லை. கால்மாட்டில் நிற்காமல் தலைமாட்டுக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மச்சான். ஆங்கரெல்லாம் கழட்டிட்டாங்க. விசாரணைக்கு வந்தாங்களே, அந்த அம்மா வந்து வேலைய நிறுத்திட்டாங்க. மிச்சம் ஆறையும் மேஜ மேல வெச்சி ஒண்ணொண்ணா பின்ன இழுத்து வுட்டுப் பாத்தாங்க, எங்க எதிர்லயே."

அண்ணன் பாபு பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"நாலு நல்லா கீது. ரெண்டு பாதியிலயே நின்னுபோச்சி. துளை வெளிய சுத்தமா கீது, உள்ள ஆழத்துல பெயின்ட் கல்லாட்டம் கீது. விரல்ல அழுத்தினாகூட போவல. ஒண்ணு சேகர் மாட்டறது." அவன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டான். "இன்னொண்ணு என்துடா. நீ விழுந்த அப்புறமும் பதினோரு நாளு அதுலதான் சாஞ்சி நின்னேன். கைய வுட்டுட்டு."

வார்டில் யாருடைய போனோ அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் பாபுவின் கையைப் பிடித்தான். பிடித்த கையை விடவே இல்லை. பாபு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தபோதுதான் விட்டான். போகும்போது பாபு என்னைப் பார்த்துக் கும்பிட்டான். அவன் என்னை மேடம் என்று கிண்டல் செய்கிறவன். எனக்கு அந்தக் கும்பிடு பொறுக்கவில்லை. என் தாள்தான் அவனையும் மேலே நிற்க வைத்தது என்று அவனுக்கும் தெரியும்.

அண்ணி கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் அவள். அண்ணன் இரண்டு வாய் குடித்தான். அப்புறம் அவளைப் பார்த்தே சொன்னான்.

"கலா. உன் நாத்தனாருகிட்ட சொல்லு. பாபு பொண்டாட்டிக்கு இது ஏழாம் மாசம்."

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் இரண்டடி தூரத்தில்தான் நிற்கிறேன்.

"எனக்குத் தெரியும்னு சொல்லுங்க அண்ணி," என்றேன்.

"அவ எழுதிக் குடுத்தது சரின்னு சொல்லு." கஞ்சிக் கிண்ணத்தைக் கையால் தள்ளிவிட்டு, "என்னால இன்னும் அவ மூஞ்சப் பாக்க முடியலன்னும் சொல்லு."

அண்ணி இரண்டையும் சொல்லவில்லை. ஸ்பூனைப் பிடித்தபடி நடுவில் நின்று அழுதாள்.